வலிக்காத வயிறும் இரண்டு டாக்டர்களும்

அத்தியாயம் பதினான்கு

மோக்ஜின் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு மேலே ஆறு வருஷமாக ஒரு பேனர் தொங்குகிறது. 'குக் யோங்பே மகள் சேபோம் மருத்துவக் கல்லூரியில் தேர்வு! எங்கள் ஊர் டாக்டர்!' என்று சிவப்பில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டது யோங்பேதான். புயலும் உப்புக்காற்றும் தின்றது போக இப்போது மிச்சம் இருப்பது 'மகள்' என்ற துண்டும், 'எங்கள் ஊர் டாக்டர்' என்ற துண்டும்தான். நடுவில் வானம் தெரிகிறது.

போன வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை யோங்பே எங்கே ஒளித்து வைத்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி டப்பாவில். அதைக் கண்டுபிடிக்க அவர் மனைவி பொக்சுனுக்கு ஒரு வேளைச் சோறு வடிக்கும் நேரம்தான் ஆயிற்று.

கடிதத்தில் இருந்த விஷயம் இவ்வளவுதான். ஊர் சுகாதார நிலையத்தில் டாக்டர் நாற்காலி ஏப்ரல் மாதத்திலிருந்து காலி. ராணுவச் சேவைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருந்த பையன், காலம் முடிந்ததும் சியோலுக்குப் பஸ் ஏறிவிட்டான். அவன் இடத்துக்குத் தாஷ்கெண்ட் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து லரிசா ஒகாய் என்று ஒரு அம்மாள் வந்து ஒரு மாதமாக வெள்ளோட்டம் பார்க்கிறார். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஊர்க்குழுத் தலைவர் சம்மதம் தந்தால், மூன்று வருஷத்துக்கு அந்த அம்மாள்தான் டாக்டர். தராவிட்டால் அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஊர்க்குழுத் தலைவர் யார்? நம்ம யோங்பேதான். இருப்பது ஒரே நாற்காலி. பிப்ரவரியில் படிப்பை முடித்துவிட்டு வரப்போகும் சேபோம் எங்கே உட்காருவாள்? அதுதான் அவருடைய கவலை. 'நம்ம பொண்ணு வந்துடும், பொறுங்க' என்று ஆறு வருஷமாக ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதைவிட, மகள் வீட்டோடு வந்து இருக்கப்போகிறாள் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருக்கிறார்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. போதாக்குறைக்குக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். முற்றத்தில் இருநூறு முட்டைக்கோஸ்கள் உப்பில் ஊறி, அலசி, கவிழ்த்து வைத்துக் கிடந்தன. அதற்காக சேபோம் நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு புத்தகப் பை. கனம் பார்த்து யோங்பே கை நீட்டினார். அவள் தொடவிடவில்லை.

"அப்பா, முதுகு பிடிச்சுக்கும். விடுங்க."

அப்பாவின் முதுகின் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் நெகிழ்ந்துபோனார். பாவம்.

---

காலை எட்டு மணிக்கு யோங்பேயின் மூளையில் ஒரு திட்டம் உதித்தது.

வெளிநாட்டு டாக்டரை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். 'நம்ம பேச்சு அந்தம்மாவுக்குப் புரியலப்பா, வயசானவங்க வலியைச் சொன்னா எப்படிப் பிடிபடும்?' இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆக, பொய்யாக ஒரு வயிற்றுவலியோடு போவது. யாருக்கும் விளங்காத பேச்சில் அதைச் சொல்வது. அந்த அம்மாள் முழிப்பதைக் கண்ணால் பார்ப்பது. திரும்பி வந்து குழுவுக்குச் சொல்வது.

சுகாதார நிலையத்தில் அவருக்கு முன்னால் தங்கை மால்சுக் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் கைத்துண்டு சுற்றியிருந்தது.

"என்ன அண்ணே, இங்கிட்டு? சம்மதம் சொல்ல வந்தியா?"

"வயித்து வலி."

"உனக்கா? நேத்து ராத்திரி மூணு கிண்ணம் சோறு சாப்பிட்டதா அண்ணி சொன்னாங்க."

"அதான் வலிக்குது," என்று சொல்லிவிட்டு யோங்பே உள்ளே போனார்.

லரிசா ஒகாய் ஐம்பத்திரண்டு வயதுக்காரர். கதவளவு தோள். குட்டையாக வெட்டிய முடி. முகத்தைப் பார்த்தால் அடுத்த தெருக்காரர் போலத்தான் இருப்பார். வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும். பேசுவது கொரியமொழிதான், ஆனால் நூறு வருஷத்துக்கு முன் வடக்கு எல்லையைத் தாண்டிப்போய் வேறு மண்ணில் வளர்ந்த கொரியமொழி.

"வாங்கோ தலைவர். இருங்கோ. என்ன செய்யுது?"

"வயிறு."

"வயிறு என்ன செய்யுது?"

யோங்பே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே மூச்சில் விட்டார். "அங்கிட்டு சுண்டி இழுக்குது, இங்கிட்டு பொருமிக்கிட்டு வருது, நடுவால கடமுடாங்குது, ராப்பூரா ஒரே அலமலப்பு."

கடைசி வார்த்தை எந்த ஊர்ப் பேச்சிலும் கிடையாது. காலையில் பல் துலக்கும்போது அவரே உண்டாக்கியது.

லரிசா கொஞ்சமும் அசரவில்லை. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "சுண்டி இழுக்குது. விளங்குது. பொருமல். விளங்குது. கடமுடா எண்டா சத்தமோ, நோவோ?"

"ரெண்டும்."

"ரெண்டும். சரி. அலமலப்பு... இது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு எழுதக் கூடாது." எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "மால்சுக் அக்கா! அலமலப்பு எண்டா என்ன?"

வெளியிலிருந்து யோசிக்காமல் பதில் வந்தது. "அது எங்க அண்ணனுக்குப் பொறந்ததுலேர்ந்து இருக்கு டாக்டரம்மா!"

லரிசா அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு மேசையில் படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். வலது பக்கம் அமுக்கினால் 'ஐயோ' என்றார் யோங்பே. இடது பக்கம், 'ஐயோ.' தொப்புளுக்குக் கீழே, 'ஐயோ.' எழுப்பி உட்காரவைக்கத் தோளைத் தொட்டார். பழக்கத்தில் அதற்கும் 'ஐயோ' என்றார்.

லரிசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் ஒரு தரம் பார்த்தார்.

"எல்லா இடமும் நோகுது எண்டா, ஒண்டில் பெரிய வருத்தம், இல்லாட்டி வருத்தமே இல்லை. எது எண்டு தெரியும் வரைக்கும் பெரிய வருத்தம் எண்டுதான் நாங்கள் வைக்க வேணும். ரெண்டு நாளைக்குக் கஞ்சி மட்டும். உறைப்புக் கூடாது. உப்புக் கூடாது. பன்றி இறைச்சி கூடாது. குடி கூடாது. வீட்டை போய்ப் படுங்கோ. பின்னேரம் நான் வந்து பாக்கிறன்."

தலையை ஆட்டிவிட்டு வாசல் வரை வந்த பிறகுதான் யோங்பேக்கு உறைத்தது. இன்றைக்கு என்ன நாள்? வருஷம் முழுக்க அவர் காத்திருக்கும் நாள். பானையில் பன்றிக்கறி வேகும். அப்போதே கலந்த கிம்ச்சியில் அதைச் சுருட்டி, கூடவே ஒரு கிண்ணம் மக்கொல்லிக் கள்ளை ஊற்றினால்...

கஞ்சியாம்!

---

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது செய்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மால்சுக் போன் பண்ணியிருந்தாள்.

"சேபோம் அப்பா, உங்க கஞ்சி உள்ள இருக்கு," என்றாள் பொக்சுன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். முழங்கை வரை சிவப்பு ரப்பர் உறை. முன்னால் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய தொட்டி. அதில் மிளகாய்த்தூள், முள்ளங்கிச் சீவல், இறால் உப்புக்கண்டம், பூண்டு எல்லாம் சேர்ந்து செக்கச்செவேல் என்று கிடந்தது.

"ஒரு துண்டு ருசி பார்த்து உப்பு சரியான்னு சொல்றேன்."

"முப்பத்திரண்டு வருஷமா உப்பு நான்தான் பார்க்குறேன். போய்ப் படுங்க."

பானைப் பக்கம் மெதுவாக நகர்ந்தார். மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. விரல் உள்ளே போகுமுன் ஒரு கை மணிக்கட்டைப் பிடித்தது.

"அப்பா," என்றாள் சேபோம். "வாங்க, நானும் பார்க்கிறேன்."

சுவரோரம் உட்கார வைத்து அவளும் அமுக்கினாள்.

"காலைல முதல்ல வலது பக்கம் கத்துனீங்களாம்?"

"ஆமா."

"இப்ப இடது பக்கம் கத்துறீங்க."

"நகருது."

"வலி நகருதா?"

"பஸ் மாதிரி. நிக்குது, கெளம்புது."

சேபோம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, கவலையா என்று அவருக்குத் தெரியவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். எவ்வளவு லாகவமான கை! இந்தக் கை இந்த ஊருக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே நெஞ்சு விம்மியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. பேனர் கடைக்காரன்.

"தலைவரே, புது பேனர் என்ன ஆச்சு? 'பிப்ரவரியில் வருகிறார்'னு போட்டுடவா? மெஷின்ல துணி மாட்டியாச்சு."

"சாயங்காலம் சொல்றேன்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தார்.

"என்ன பேனர்?" என்றாள் சேபோம்.

"ஒண்ணுமில்ல. பொதுவா."

---

இரண்டு மணிக்கு லரிசா வந்தார். கையில் மருந்துப் பை. இன்னொரு கையில் ஒரு டப்பா.

"வெறுங்கையோட வரக் கூடாது தானே. நாங்கள் போடுற கிம்ச்சி."

மூடியைத் திறந்தால் உள்ளே கேரட். மெல்லிசாகச் சீவி, மல்லிவிதையும் பூண்டும் சூடான எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது.

கிம்ச்சி போட வந்திருந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கேரட்லயா?" என்றாள் பொக்சுன், யாரோ செருப்பைச் சமைத்துக் கொண்டுவந்த மாதிரி.

மால்சுக் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். மென்றாள். இன்னொரு வாய் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கிம்ச்சி இல்ல."

"அந்தக் காலத்தில எங்கட ஆக்களைப் பலவந்தமா ரயிலில ஏத்தித் தாஷ்கெண்ட் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில இந்த முட்டைக்கோஸ் இல்லை அக்கா," என்றார் லரிசா, ரப்பர் உறையை மாட்டிக்கொண்டே. "கேரட்தான் கிடைச்சது. கிடைச்சதை வைச்சுச் செய்தம்."

"நாங்களும் அப்படித்தானே டாக்டரம்மா. டாக்டர் கிடைக்கல, கிடைச்சதை வெச்சு..." என்று ஆரம்பித்த மால்சுக், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லரிசா சிரித்தார் பாருங்கள், தொட்டியே குலுங்கியது. "ஓம் ஓம்! நான்தான் உங்கட கேரட்!"

அதற்கப்புறம் அவரை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. ஒரு சின்ன முக்காலியைத் தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய அவருடைய தோள் அகலத்துக்குப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கதவுக்கு அந்தப்பக்கம் அடியில் கணப்பு ஓடும் சூடான தரையில் போர்வைக்குள் கிடந்த யோங்பேக்கு இதெல்லாம் கேட்டது. பக்கத்தில் ஆறிப்போன கஞ்சி. சிரிப்புச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"எல்லாம் சரி! ஆனா அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க பிள்ளைங்க! கல்லூரில சீட்டைக் கூட்டணும், நம்ம பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும், அதான் வழி!"

"வயித்து வலிக்காரர் கத்தக்கூடாது!" என்றாள் பொக்சுன்.

"அப்பா, சீட்டைக் கூட்டி ஆயிரம் பேரைப் படிக்க வைங்க," என்று சேபோமின் குரல் வந்தது. "ஆயிரம் பேரும் சியோல்ல அழகுக்கு மூக்கு செதுக்கத்தான் உட்காருவாங்க. இங்க யாரு வருவா?"

"நீ வருவே!"

முட்டைக்கோஸ் இலையைப் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே," என்றாள் மால்சுக். "ஒரு டாக்டர் விளைய ஆறு வருஷம். அதுக்கு மேல வருஷக்கணக்கா பயிற்சி. என் முட்டி அதுவரைக்கும் தாங்குமான்னு கேட்டுச் சொல்லு."

"வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க நாளைக்கே மூட்டையைக் கட்டிட்டா?"

"நம்ம நாட்டுப் பையன் என்ன செஞ்சான்? காலம் முடிஞ்ச அன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்குக்கூட நிக்கல. காலை பஸ்லயே ஓடிட்டான். நான் அவனுக்குக் கட்டிக் குடுத்த சோத்து டப்பா இன்னும் திரும்பி வரல!"

யோங்பே போர்வையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

---

நாலரை மணி இருக்கும். கண் அசந்தவரைத் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் எழுப்பியது. சமையலறையின் பின்கதவுக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் உறை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"தகப்பனுக்கு வயிறு ஒண்டும் இல்லை," என்றது லரிசாவின் குரல்.

"தெரியும் டாக்டரம்மா."

"ஆனா பிரஷர் இருக்கு. நூற்றி அறுபத்தெட்டு. ரெண்டு தரம் பாத்தனான்."

"நாடியைப் பிடிச்சப்பவே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. மாத்திரை ஆரம்பிக்கணும்."

"ஓம். அவர் ஏன் இந்தக் கூத்து ஆடுறார்?"

"உங்களை அனுப்பிட்டு நாற்காலியை எனக்குக் காலியா வெச்சிருக்கணும்னு."

"நீர் வருவீரோ?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. யோங்பே போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வரேன்னு சொல்லு. வாயைத் திறந்து சொல்லேன்.

"என் பையில இருக்கிறது ஜப்பான் டாக்டர் தேர்வுக்கான புத்தகம்," என்றாள் சேபோம். "இங்க எழுதி முடிச்சதும் அதையும் எழுதப் போறேன். அங்க கடலோரத்துல ஒரு சின்ன ஊரு. ரெண்டு வருஷமா டாக்டர் இல்ல. என்னைக் கூப்பிடுறாங்க."

"இஞ்சயும் அதுதானே இருக்கு? கடல், சின்ன ஊர், டாக்டர் இல்லை."

"இங்க நான் டாக்டர் இல்ல. பேனர்." அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "ஆறு வருஷமா பஸ்ஸை விட்டு இறங்குறப்பெல்லாம் அதைத் தலைக்கு மேல பார்த்துக்கிட்டே இறங்குறேன். ஒரு பரீட்சையில மார்க் குறைஞ்சா, ஊரே கண்ணு முன்னாடி வந்து நிக்குது. நாளைக்கு ஒரு தாத்தா என் கையில செத்துப்போனா, அவர் வீட்டுக்காரங்களை நான் மார்க்கெட்ல தினமும் பார்க்கணும். என்னைத் தெரியாத ஒரு இடத்துல நான் கொஞ்ச நாள் வெறும் டாக்டரா இருந்து பார்க்கணும். அப்பாகிட்ட சொல்லத்தான் வந்தேன். அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டார்."

லரிசா அடுத்த உறையை அலசும் சத்தம் கேட்டது.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று சேபோம் கேட்டாள்.

"என்ர மகன் இஞ்ச கப்பல் பட்டறையில வேலை. அஞ்சு வருஷம் முகம் பாக்கேல்லை."

"அங்க உங்க ஆஸ்பத்திரியில இப்ப யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லை. சனம் வந்து கதவைத் தட்டிப்போட்டுப் போகுதாம். பக்கத்து நாட்டில இருந்து ஒரு டாக்டரை எடுக்கப் பாக்கினம்."

"அவர் வந்துட்டா அவர் ஊர்ல?"

"அதை நான் யோசிக்கிறேல்லை பிள்ளை. யோசிச்சா நித்திரை வராது."

குழாய் நின்றது. செருப்புச் சத்தங்கள் முற்றத்துப் பக்கம் போயின.

யோங்பே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இப்போது வயிறு உண்மையிலேயே என்னவோ செய்தது. எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலமலப்பு என்று காலையில் பொய்யாக ஒரு வார்த்தை உண்டாக்கினாரே, அது இதுதான் போலிருக்கிறது.

---

ஐந்து நாற்பதுக்கு அவர் எழுந்து முற்றத்துக்கு வந்தார். கடைசி முட்டைக்கோஸ்களுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்கள். பலகையில் பன்றிக்கறி வெட்டி அடுக்கியிருந்தது.

"எனக்கு ஒரு துண்டு குடு," என்றார்.

"கஞ்சி!" என்றார் லரிசா.

"டாக்டரம்மா, வயிறு பொய்."

அவர் எதிர்பார்த்த அதிர்ச்சி யார் முகத்திலும் இல்லை. ஏழெட்டுப் பெண்கள் ஒரே குரலில், "தெரியும்," என்றார்கள். பொக்சுன் வெட்டுவதைக்கூட நிறுத்தவில்லை.

"வயிறு பொய். பிரஷர் மெய்," என்றார் லரிசா. "ஒரே ஒரு துண்டு. நாளைக்குக் காலமை வந்து மாத்திரை வாங்க வேணும்."

"வர்றேன். நாளைக்கு மட்டுமா, மூணு வருஷத்துக்கு வந்துதானே ஆகணும்." யோங்பே கடிதத்தோடு வந்து, மடித்து வைத்திருந்த சம்மதப் படிவத்தை எடுத்தார். "இதுல முத்திரைதான் வைக்கணும். என் முத்திரை எங்க?"

"பீரோ டிராயர்ல," என்றாள் பொக்சுன். அப்புறம்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பீரோவுக்கு முன்னால் கிம்ச்சி நிரப்பிய டப்பாக்கள் நாற்பது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை. அவற்றை நகர்த்தி முடிக்க ஏழு மணி ஆகும்.

"மணி அஞ்சு ஐம்பது அண்ணே!" என்று மால்சுக் அலறினாள். முட்டி வலிக்காரி அன்றைக்கு முதல்தடவையாகத் துள்ளி எழுந்தாள். "கைநாட்டு வை! கைநாட்டும் செல்லும்!"

"மசி?"

எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. யோங்பே தொட்டிக்குள் கட்டை விரலை முக்கினார். படிவத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினார். செக்கச்செவேல் என்று ரேகை விழுந்தது. ஓரத்தில் ஒரு முள்ளங்கிச் சீவலும் ஒட்டிக்கொண்டது.

மால்சுக் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் மாவட்ட அலுவலக அதிகாரி கூப்பிட்டார்.

"தலைவரே, வந்துடுச்சு. அந்தச் சிவப்பு என்னது? ரத்தமா?"

"மிளகாய்."

அந்தப்பக்கம் ஒரு இருமல். "அசல் படிவத்தைத் திங்கட்கிழமை கொண்டு வாங்க. கவர்ல போட்டு... ரெண்டு கவர்ல போட்டுக் கொண்டு வாங்க."

லரிசா தன் டப்பாவில் மிச்சமிருந்த கேரட்டை எடுத்து பொக்சுனின் தட்டில் வைத்தார். பொக்சுன் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் தின்றாள். "மல்லிவிதை கொஞ்சம் அதிகம்," என்றாள். மோக்ஜினில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

சேபோம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அப்ப நான்?"

"நீ முதல்ல நல்லபடியா எழுதி முடி," என்றார் யோங்பே, அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாப் பரீட்சையும்."

'எல்லா'வில் அவர் லேசாக நின்றாரா, இல்லையா? சேபோமுக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்கவில்லை. ஒரு குருத்து இலையைக் கிழித்து, மசாலா தடவி, கறித்துண்டை வைத்துச் சுருட்டி, சிவப்பு உறை மாட்டிய கையாலேயே அவர் வாயில் திணித்தாள். கிம்ச்சி போடும் நாளில் அப்படித்தான் ஊட்டுவார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"காரமா அப்பா?"

"காரம்தான்," என்றார் வாய் நிறைய.

---

பெண்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சேபோம் முற்றத்தில் தொட்டி கழுவினாள். யோங்பே கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, செருப்பு அலமாரி மேல் இருந்த வீட்டு போன் அடித்தது. அது அடித்தே நாலைந்து மாதம் இருக்கும்.

"குக் சேபோம் அவர்களின் வீடா?" ஆண் குரல். டிவி நாடகம் பார்த்துக் கற்றுக்கொண்ட கொரியமொழி. ஒவ்வொரு வார்த்தையையும் எங்கேயோ எழுதிவைத்துப் படிக்கிற மாதிரி இருந்தது. "நான் ஜப்பானிலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர் நகராட்சியில் எழுத்தர். விண்ணப்பத்தில் இந்த எண் இருந்தது. தாங்கள் தந்தையா?"

யோங்பே முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். தவறான எண் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

"எங்கள் ஊர்த் தலைவர் நேரில் வந்து தங்கள் முன் தலைவணங்க விரும்புகிறார். அடுத்த சனிக்கிழமை. மூன்று பேர் வருவோம். எங்களுக்கு இரண்டு வருஷமாக டாக்டர் இல்லை, ஐயா. மிகவும்..." குரல் வார்த்தை தேடியது. தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. "மிகவும் கஷ்டம். மக்கள் ஆவலாக இருக்கிறார்கள். பேனர் தொங்கவிட்டுவிட்டார்கள்."

"என்னது?"

"பேனர். துறைமுகத்தில். மன்னிக்கவும், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் தலைவர் அவசரக்காரர்."

யோங்பே மெல்லச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"'எங்கள் ஊர் டாக்டர்.'"

முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றது. சேபோம் கதவில் எட்டிப் பார்த்தாள். கை சிவந்திருந்தது. "யாருப்பா?"

யோங்பே கையால் போனை மூடிக்கொண்டார்.

"பேனர்க்காரன்."

"இந்நேரத்துலயா? புதுசு எதுவும் அடிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க அப்பா. கெஞ்சிக் கேக்குறேன்."

"சொல்லிடுறேன்."

அவள் போகும் வரை காத்திருந்தார். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முதல் வேலையா அந்த பேனரை அவுத்து எடுங்க. அந்தப் பொண்ணு கண்ணுல பட்டுச்சு, அங்கயும் நிக்க மாட்டா. எனக்குத் தெரியும்."

"அப்படியா! உடனே! அப்படியானால்... சனிக்கிழமை நாங்கள் வரலாமா, ஐயா?"

ஒரு காலத்தில் இந்த ஊருக்கு டாக்டர் கேட்டு ஊர் ஊராகப் போய்த் தலைவணங்கியவர் யோங்பே. அப்படி வருகிற ஆளை வாசலிலேயே எப்படி மடக்கித் திருப்பி அனுப்புவது என்று இந்த ஜில்லாவில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. அவரை அப்படி அனுப்பியவர்கள் எத்தனை பேர்! அந்தப்பக்கம் மூச்சுவிடாமல் காத்திருக்கும் அமைதியும் அவருக்குத் தெரிந்ததுதான். அதே மாதிரி எத்தனை போனில் காத்திருந்திருக்கிறார்.

"வாங்க," என்றார் யோங்பே. "சனிக்கிழமைக்குள்ள கிம்ச்சி பதத்துக்கு வந்துடும்."

போனை வைத்தார். வைத்த பிறகுதான், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோமா, சண்டைக்குக் கூப்பிட்டோமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. கட்டை விரலில் மிளகாய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.